எழுத்திலிருந்து திரைக்கு: உஸ்மான் செம்பேனும் மொழிப் பிரச்சினையும்

பிறநாட்டு நூல்களையும் இசையையும் திரைப்படங்களையும் அறிந்துகொள்ள முற்படும் நாம், பெரும்பாலும் அவற்றின் கதைப்பொருளையும் கலைநயத்தையும் நோக்குவதோடு அமைந்துவிடுகின்றோம். அவை முதன்முதலில் எம்மொழியில், எவரை நோக்கிப் பேசின என்னும் வினாவை நாம் எழுப்புவது அரிது. ஆயின், இவ்வினாவையே தம் கலைப்பணியின் மையமாகக் கொண்ட படைப்பாளி ஒருவர் மேற்கு ஆபிரிக்காவிலே வாழ்ந்தார். செனகல் நாட்டைச் சேர்ந்த உஸ்மான் செம்பேன் (1923–2007) நாவலாசிரியராகப் பெயர்பெற்ற பின்னர், நாற்பது வயதை அண்மித்த வேளையில் திரைப்படத் துறையிற் புகுந்தவர். அவர் அவ்வாறு புகுந்தமைக்கான காரணத்தையும் அதனால் விளைந்தவற்றையும் ஈண்டு நோக்குவோம்.

செனகலின் தென்பகுதியான காசமான்சில் மீனவர் குடும்பமொன்றிற் பிறந்த செம்பேன், உயர்கல்வி பெற்றவரல்லர். இரண்டாம் உலகப் போரின்போது பிரெஞ்சுக் காலனித்துவப் படையிற் பணியாற்றினார். போரின் பின்னர் பிரான்சின் மார்செய் துறைமுகத்திலே மூட்டை சுமக்கும் தொழிலாளியாக வாழ்ந்து, தொழிற்சங்க இயக்கத்தில் ஈடுபட்டார். அவ்வனுபவமே 1956ஆம் ஆண்டு வெளிவந்த அவரது முதல் நாவலுக்குப் பொருளாயிற்று. 1947–48ஆம் ஆண்டுகளில் டாக்கார்–நைஜர் புகையிரதப் பாதைத் தொழிலாளர் நடத்திய நீண்ட வேலைநிறுத்தத்தைப் பொருளாகக் கொண்டு 1960இல் அவர் வெளியிட்ட நாவல், ஆபிரிக்க இலக்கியத்தின் தலைசிறந்த ஆக்கங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது.

அதே 1960ஆம் ஆண்டிலேயே செனகல் சுதந்திரம் பெற்றது. ஆயினும் ஆட்சிமொழியாகப் பிரெஞ்சே நீடித்தது. இந்நிலையில் செம்பேன் தமது இலக்கியப் பணியில் உள்ளார்ந்திருந்த முரண்பாட்டை உணரலானார். புகையிரதத் தொழிலாளரைப் பற்றித் தாம் எழுதிய நாவலை அத்தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் வாசிக்க இயலாது. பாரிசில் உள்ளோர் வாசிப்பர். எவருக்காக எழுதினாரோ அவர்களிடம் நூல் சென்றடையவில்லை. எழுத்தறிவு பரவும்வரை காத்திருப்பதா, அன்றி வேறு வழி காண்பதா என்பதே அவர்முன் நின்ற பிரச்சினை. அவர் இரண்டாவதைத் தெரிந்தார். 1962இல் மொஸ்கோ சென்று, கார்க்கி திரைப்படக் கூடத்தில் மார்க் தொன்ஸ்கோயிடம் பயின்றார். திரைப்படத்தை மக்களுக்கான மாலைப் பள்ளிக்கூடமாகவே அவர் கருதினார்.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றுச் செய்தியையும் மனங்கொள்ளல் வேண்டும். பிரெஞ்சு அரசு 1934இல் பிறப்பித்த ஆணையொன்றின்படி, அதன் ஆபிரிக்கக் காலனிகளிலே படம் எடுப்பதற்கு ஆட்சியாளரின் முன்அனுமதி தேவையாயிற்று. ஆபிரிக்கர் தம் மண்ணைத் தாமே படம்பிடிப்பதற்கு இது பெருந் தடையாயிருந்தது. எனவே, செம்பேனின் முயற்சி ஏறத்தாழ வெறுமையிலிருந்தே தொடங்கியது எனலாம்.

1963இல் அவர் எடுத்த ‘போரோம் சாரெட்’ இருபது நிமிட அளவினதான குறும்படமாகும். டாக்கார் நகரின் வண்டிக்காரன் ஒருவனது ஒருநாள் வாழ்வு அதிற் சித்திரிக்கப்படுகின்றது. வறியோர் வாழும் பகுதியில் மரபிசை ஒலிக்கின்றது. வண்டிகளுக்கு அனுமதியற்ற செல்வர் குடியிருப்பினுள் அவன் நுழையும்போது ஐரோப்பியச் செவ்விசை ஒலிக்கின்றது. ஒரு நகரம் இரண்டாகப் பிளவுண்டு கிடப்பதை இசையே உணர்த்திவிடுகின்றது. அங்கே பொலிஸ்காரன் அவனது வண்டியைப் பறிமுதல் செய்ய, அவன் வெறுங்கையோடு வீடு திரும்புகின்றான்.

1966இல் வெளிவந்த முழுநீளப் படம், பிரான்சுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாக அழைத்துச் செல்லப்பட்ட தியுவானா என்னும் பெண்ணின் அவலத்தைக் கூறுவது. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்கர் ஒருவரால் நெறியாள்கை செய்யப்பட்ட முதல் முழுநீளக் கதைப்படமாக இதுவே பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. ஆயினும் இவ்விரு படங்களிலும் குறையொன்று எஞ்சியிருந்தது. வண்டிக்காரனும் பணிப்பெண்ணும் தம் மனத்துள் நினைப்பன யாவும் பிரெஞ்சு மொழியிலேயே ஒலித்தன. நூலின் முரண்பாடு திரையிலும் தொடர்ந்தது.

அம்முரண்பாட்டைத் தீர்த்தது 1968இல் வெளிவந்த ‘மண்டாபி’ ஆகும். காசுக்கட்டளையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் வொலோவ் மொழியில் மருவி வழங்கும் வடிவமே இத்தலைப்பு. வேலையற்றவரான இப்ராகிமா தியெங் என்பாருக்கு, பாரிசில் வீதி கூட்டும் மருமகன் 25,000 பிராங் காசுக்கட்டளை அனுப்புகின்றான். அதில் அவருக்குரியது 2,000 மாத்திரமே. அதனை மாற்றுவதற்கு அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழும் புகைப்படமும் வேண்டும். பணம் வந்த செய்தி பரவியதும் கடன்காரரும் உறவினரும் சூழ்ந்துகொள்கின்றனர். ஈற்றிலே, படித்த உறவினன் ஒருவன் உதவுவதாகக் கூறி அப்பணத்தை அபகரித்துவிடுகின்றான். எழுத்தறியாதவரை எழுத்தும் அலுவலகமும் எவ்வாறு வஞ்சிக்கின்றன என்பதை, அவ்வெழுத்தறியாதோரின் மொழியிலேயே, அவர்கள் பார்த்துச் சிரிக்கவும் சிந்திக்கவும் கூடியவாறு இப்படம் உரைத்தது. எனினும் பிரெஞ்சு நிதியுதவி பெறப்பட்டமையால், வொலோவ் படத்துடன் பிரெஞ்சு மொழிப் படமொன்றும் சேர்த்து எடுக்கப்பட்டது. மொழியில் விடுதலை பெற்ற கலை பொருளாதாரத்தில் விடுதலை பெறவில்லை என்பது இதனாற் புலனாகின்றது.

பிரெஞ்சை விலக்கி அதன் இடத்தில் வொலோவ் மொழியை அமர்த்துவதே செம்பேனின் நோக்கம் எனக் கொள்வது பொருந்தாது. காசமான்ஸ் மக்களைப் பற்றிய ‘எமிதாய்’ (1971) தியோலா மொழியில் அமைந்தது. அவரது இறுதிப் படமான ‘மூலாடே’ (2004) பம்பாரா மொழியிற் பேசியது. எம்மக்களின் வாழ்வு காட்டப்படுகின்றதோ அம்மக்களின் மொழியிலேயே படமும் அமைதல் வேண்டும் என்பதே அவர் கொள்கையெனத் துணியலாம். மொழியறிஞர் பாத்தே தியாஞ்சுடன் இணைந்து வொலோவ் மொழியிற் ‘கட்டு’ என்னும் இதழையும் 1971இல் அவர் தொடங்கினார். 1977இல் வெளிவந்த ‘செட்டோ’ செனகலிலே தடைசெய்யப்பட்டபோது, அத்தலைப்பில் ஒரு மெய்யெழுத்து இரட்டித்து எழுதப்பட்டமையே அரசு கூறிய காரணம். செம்பேனோ அதனை மாற்ற மறுத்தார். தாய்மொழியின் எழுத்திலக்கணத்தை வகுக்கும் உரிமை எவருக்குரியது என்பதும் அரசியற் பிரச்சினையே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, நமக்கும் ஒரு கடப்பாடு உண்டென்பது விளங்கும். செம்பேனின் நாவல்கள் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலமாகி நம்மிடம் வருகின்றன. அவருடைய படங்களோ அடியிலே ஓடும் ஆங்கில எழுத்துக்களின் துணையோடு வருகின்றன. அவ்வெழுத்துக்களை வாசித்து முடித்ததும் படத்தை அறிந்துகொண்டோம் என அமைதல் தகாது. திரையில் ஒலிப்பது எம்மொழி, எவ்விடத்தில் அது பிரெஞ்சாக மாறுகின்றது, மாற்றுபவர் யார் என்பவற்றையும் செவிகொடுத்துக் கேட்டல் வேண்டும். 1975இல் வெளிவந்த ‘ஹாலா’ படத்தில், தந்தை பிரெஞ்சிற் பேச, மகள் வொலோவ் மொழியில் விடையளிக்கின்றாள். அடியெழுத்தில் இரண்டும் ஒரே ஆங்கிலமாகத் தோன்றும். அவ்விரு மொழிகளின் மோதலைச் செவியால் உணராதவர் அக்காட்சியின் பொருளை இழந்தவராவர்.