கடலை வடிகட்டும் கூப்பாங்

தலை கிடையாது, பல் கிடையாது, இரை தேடி அலைவதும் கிடையாது. ஆனாலும் நாள் முழுதும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். இப்படியோர் உயிரினம் விஞ்ஞானக் கதைகளில் மட்டுமே வரும் என்று எண்ணிவிடாதீர்கள். மலாய்க்காரர்கள் கூப்பாங் என்று அழைக்கும் பச்சைச் சிப்பிதான் அது. ரெம்பியா ஞாயிற்றுச் சந்தையில் நம் கூடைக்குள் வந்து விழக்கூடியதும் அதுவே.

மலாக்காவில் ஜாசின் மாவட்டத்துச் செபாத்துக் கடலோரம் கூப்பாங் வளர்ப்புக்குப் பெயர் பெற்றது. மிதவையிலிருந்து தொங்கும் கயிற்றை இது நார் போன்ற இழைகளால் பற்றிக்கொள்ளும். தீனி போட வேண்டியதில்லை, கடலே ஊட்டிவிடும். ஓட்டைச் சற்றே திறந்து கடல்நீரை உள்ளிழுக்கிறது. செவுள்களில் உள்ள நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து நீரைத் தள்ளுகின்றன. நீரில் மிதக்கும் நுண்பாசிகள் செவுளின் கோழையில் ஒட்டி, வாய்க்குப் போய்ச் சேருகின்றன. வளர்ந்த சிப்பியொன்று மணிக்குச் சில லிட்டர் நீரை இவ்வாறு வடிகட்டிவிடும்.

வினையும் இங்கேதான் தொடங்குகிறது. அலெக்ஸாண்ட்ரியம் போன்ற சில நுண்பாசிகள் சாக்ஸிடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகின்றன. அது சிப்பியை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. லிட்டர் லிட்டராக வடிகட்டியதில் சேர்ந்த நஞ்சு முழுவதும் அதன் சதையில் தங்கிவிடுகிறது. 1991-இல் செபாத்து கூப்பாங்கைச் சாப்பிட்ட மூவர் நோயுற்றனர். தீபகற்ப மலேசியாவில் இந்த நஞ்சு பற்றிப் பதிவான முதல் நிகழ்வு அது. சபாவில் 1976-லேயே எழுவர் இறந்தனர். தமிழ்நாட்டிலும் 1981-இல் மட்டி சாப்பிட்ட மூவர் மாண்டனர்.

"நல்லா வேகவெச்சா ஒண்ணும் செய்யாது" என்பது நம் வீடுகளில் கேட்கும் பேச்சு. கிருமிகளுக்கு அது பொருந்தும். இந்த நஞ்சுக்குப் பொருந்தாது. கொதிநீரில் அது அழியாது. மணமும் சுவையும் இல்லாததால் சம்பாலில் புரட்டி எடுத்தாலும் நாக்கு கண்டுபிடிக்காது. கடல் செந்நிறமாக மாறினால்தான் ஆபத்து என்பதும் தவறு. நிறம் மாறாத நீரிலும் நஞ்சு சேரலாம். ஆய்வுக்கூடச் சோதனை ஒன்றே வழி.

சாப்பிட்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ உதடும் நாக்கும் மரத்துப்போகும். பிறகு கைகால் விரல்கள். நஞ்சு நரம்புகளின் சமிக்ஞையைத் தடுப்பதால் கடுமையான நிலையில் மூச்சுத் தசைகளே நின்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. நஞ்சு வெளியேறும்வரை செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காப்பாற்றுவார்கள். எனவே உதடு மரத்தால் வீட்டில் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

லிங்கி ஆற்றைத் தாண்டினால் போர்ட்டிக்சன் மாவட்டம். 2024 ஏப்ரலில் அந்தக் கடற்பகுதிச் சிப்பிகளை உண்ட பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மீன்வளத் துறை அவற்றின் விற்பனைக்குத் தடை விதித்தது. இத்தகைய தடை ஓரிரு நாளில் நீங்குவதில்லை என்று வியாபாரிகள் அலுத்துக்கொள்வது இயல்பே. கடலில் நஞ்சுப்பாசி குறைந்த பிறகும், சிப்பி நல்ல நீரை வடிகட்டித் தன் சதையிலுள்ள நஞ்சை வெளியேற்ற வாரக்கணக்கில் ஆகும்.