ஃபீஸ் வாங்காத கேஸ் கட்டு

1962 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஃபுளோரிடா சிறையிலிருந்து ஒரு மனு வந்தது. சிறைத் தாளில் பென்சிலால் எழுதியது. எழுதியவர் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன், வயது 51. பில்லியர்ட்ஸ் கூடத்தில் புகுந்து சில்லறை திருடியதாக வழக்கு. வக்கீல் வைக்கக் காசில்லை, நீதிமன்றமே ஒருவரைத் தரவேண்டும் என்று விசாரணையின்போது கேட்டிருக்கிறார். மரண தண்டனை வழக்கென்றால்தான் தரமுடியும் என்றார் நீதிபதி. தன் வழக்கைத் தானே நடத்தி, 5 ஆண்டு தண்டனையோடு உள்ளே போனார் கிடியன்.

உச்ச நீதிமன்றம் அவருக்காக வாதாட நியமித்தவர் ஏப் ஃபோர்டாஸ். வாஷிங்டனில் பெயர்பெற்ற வக்கீல் நிறுவனத்தின் பங்குதாரர். கட்டணம் கிடையாது. இந்த வழக்கென்றாலே அவர் பெயர்தான் முதலில் வரும், வரவேண்டியதுதான். ஆனால் 1963 ஜனவரியில் அவர் எழுந்து வாதாடுமுன், அந்த அலுவலகம் மாதக்கணக்கில் உழைத்திருந்தது. 1942ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று குறுக்கே நின்றது. அதை உடைத்தாக வேண்டும். சக பங்குதாரர் ஏப் கிராஷ் அந்த ஆய்வை முன்னின்று நடத்தினார். கோடை விடுமுறை வேலைக்கு வந்த ஜான் ஹார்ட் ஈலி என்ற சட்ட மாணவரும் கைகொடுத்தார். சம்பளம் தரும் கட்சிக்காரருக்கு எவ்வளவு உழைப்பார்களோ, அதில் குறைவில்லை.

மார்ச் 18 அன்று ஒன்பது நீதிபதிகளும் கிடியனுக்குச் சாதகமாக ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். மறுவிசாரணை அதே நீதிபதி முன்னால் நடந்தது. இம்முறை கிடியன் பக்கத்தில் உள்ளூர் வக்கீல் இருந்தார். விடுதலை.

கட்டணம் வாங்காத உழைப்புக்கு இன்னொரு காட்சி: 2017 ஜனவரி 28, நியூயார்க் கென்னடி விமான நிலையம். ஏழு நாட்டவர் நுழைய அதிபர் டிரம்ப் தடை போட்ட மறுநாள். நான்காம் முனையத்து உணவகத்தில் வக்கீல்கள் லேப்டாப்போடு உட்கார்ந்து மனுக்கள் தயாரித்தார்கள். அரபு மொழி தெரிந்தவர்கள், காத்திருந்த உறவினர்களிடம் விவரம் கேட்டுச் சொன்னார்கள். அன்றிரவே புரூக்ளின் நீதிபதி ஆன் டானலி, அந்தத் தடையால் பிடித்துவைக்கப்பட்டவர்களைத் திருப்பியனுப்பத் தடை விதித்தார்.

வக்கீல் நிறுவன ஊழியர்கள் தொண்டாகப் பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசவும் போகிறார்கள். நல்ல காரியம். ஆனால் வீட்டைக் காலிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வாங்கிய குடும்பத்துக்குப் பதில் மனு எழுதத் தெரிந்த கை வேண்டும்; அது எல்லா இடத்திலும் கிடைக்காது.

ஆண்டுக்கு 50 மணி நேரமாவது இலவசமாக உழைக்கச் சொல்கிறது அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதி. கட்டாயமில்லை. அந்த மணிகளைக் கட்டணப் பணிக்குச் சமமாகவே பல பெரிய நிறுவனங்கள் வக்கீல்களுக்குக் கணக்கு வைக்கின்றன. மனுவைத் தட்டச்சு செய்பவர், ஆவணங்களை அடுக்குபவர், மொழிபெயர்ப்பவர் ஆகியோர் செலவிடும் நேரமும் அலுவலக நேரமாகவே பதிவாக வேண்டும். சனிக்கிழமை ஓய்வை விட்டுக்கொடுத்தால்தான் உதவலாம் என்றால், வீட்டில் குழந்தை வைத்திருக்கும் உதவியாளர் எப்படி வருவார்?