மூணு ஃபைல், ஒரு அம்மா

இன்னைக்கு எபிசோட் கோடிங் பத்தி இல்லை. எங்க அம்மாவோட மாத்திரை டப்பா பத்தி.

அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி மூணும் உண்டு. மூணுக்கும் தனித்தனி டாக்டர், தனித்தனி ஃபைல். போன வருஷம் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?"ன்னு பிரஷர் டாக்டர் கேட்டார். "ஒண்ணுமில்லை சார்"ன்னாங்க. வீட்டுக்கு வந்து பார்த்தா, கைப்பையில் டைக்ளோஃபெனாக் அட்டை. மெடிக்கல் ஷாப்பில் அவங்களே கேட்டு வாங்கினது. "வலி மாத்திரைதானேடா, அதெல்லாம் ஒரு மருந்தா?"

அங்கேதான் சிக்கல். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் பிரஷரை ஏத்தலாம். கிட்னிக்குப் போகிற ரத்தத்தையும் குறைக்கலாம். டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரையும், நீர் பிரிய வைக்கிற மாத்திரையும் கூடச் சேர்ந்தால் கிட்னிக்கு ஆபத்து அதிகம். தனியா பார்த்தா ஒவ்வொண்ணும் சரியான மருந்துதான். எங்க வேலையில் இதை இன்டக்ரேஷன் பக்னு சொல்வோம்: எல்லா மாட்யூலும் டெஸ்ட்டில் பாஸ் ஆகும், சேர்த்து ஓட்டினா படுத்துடும். மூணு டாக்டரும் ஆளுக்கொரு மாட்யூலைப் பார்க்கிறாங்க. முழு சிஸ்டமும் அம்மாகிட்ட மட்டும்தான் இருக்கு.

உடனே நான் ஒரு ஆப் எழுதினேன். அலாரம், கிராஃப் எல்லாம் உண்டு. நாலே நாள். "கண்ணாடியைத் தேடி, போனைத் தேடி, அப்புறம் மாத்திரையா? போடா"ன்னுட்டாங்க.

கடைசியில் வேலை செஞ்சது ஒரு தாள். மாத்திரை பேர், எதுக்கு, எவ்வளவு, எப்போ, யார் எழுதினது. கடையில் வாங்கினது, நாட்டு மருந்து, சத்து மாத்திரை எல்லாமே அதில் வரணும். எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல அந்தத் தாளை நீட்டணும்.

அடுத்தது நடை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் குழு உருவாக்கின ஒரு பயிற்சி இருக்கு. வெவ்வேறு நோய் உள்ளவங்க ஒரே வகுப்பில் உட்காருவாங்க. ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். அங்கே ஒவ்வொருத்தரும் அந்த வாரம் தான் செய்யப்போறதைத் தானே சொல்லணும்: என்ன, எவ்வளவு, எப்போ, எத்தனை நாள். அப்புறம் ஒரு கேள்வி: "முடியும்ங்கிற நம்பிக்கை 10க்கு எவ்வளவு?" 7க்குக் கீழே வந்தா, திட்டத்தை மாத்தணும்.

அம்மாகிட்ட கேட்டேன். தினமும் அரை மணி நேர நடைக்கு 4 கொடுத்தாங்க. சாயங்காலம் பிள்ளையார் கோயில் வரைக்கும், வாரம் நாலு நாள்? "அதுக்கு 8 போட்டுக்கோ."

இப்போ டாக்டர் வலி மாத்திரையை மாத்திட்டார், கிரியாட்டினினும் இறங்கியிருக்கு. முழங்கால் வலி முழுசா போகலை. ஆனா கோயிலுக்குப் போறது நிக்கலை.

இன்னைக்கு ராத்திரி உங்க வீட்டு டப்பாவைத் திறந்து அந்தத் தாளை எழுதுங்க. எதையும் நீங்களா நிறுத்திடாதீங்க. தாளோட போய் டாக்டர்கிட்ட கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.