எலி வந்ததை முதல் வாரத்திலேயே அறிவது எப்படி?

சங்கங்களின் இருப்பைச் சரிபார்க்கச் செல்லும் நாம், பேரேட்டையும் தராசையுமே நம்பிப் பழகியவர்கள். அங்கத்தினருக்குக் கொடுத்த நூலின் எடையும், அவர் நெய்து திருப்பிய சேலையின் எடையும், அனுமதித்த சேதாரமும் ஒத்து வந்தால் கையொப்பமிடுவோம். வராவிடில் காரணம் கேட்போம். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பட்டு நெசவாளர் சங்கத்தில், முதிய அங்கத்தினர் ஒருவர் கணக்கில் சாயமிட்ட ஊடைப் பட்டு 120 கிராம் குறைந்திருந்தது. "எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை, ஐயா" என்பதைத் தவிர அவரிடம் மறுமொழி இல்லை. நாம் அதை நம்பவில்லை. குறைவை அவர் பெயரில் பற்று எழுதும்படி குறிப்பெழுதி வந்தோம்.

இரண்டு மாதங்கள் சென்றன. மழைக்கு முன் ஓடு மாற்றுவதற்காக அவர் பரணை ஒழித்தபோது, பழைய சாக்குகளுக்குப் பின்னால் ஓர் எலிக்கூடு அகப்பட்டது. பஞ்சுபோல் கடித்துக் குதறிய பட்டு நூல். சங்கத்தின் அரக்கும் மஞ்சளும் நிறம் மாறாமல் இருந்தன. அதனை ஒரு முறத்தில் ஏந்திச் சங்கத்துக்கே கொண்டுவந்தார். பற்று நீக்கப்பட்டது. ஆயினும் அந்த இரண்டு மாதங்கள் அவர் தெருவில் தலைகுனிந்து நடந்ததை எந்தக் கணக்கிலும் ஈடு செய்ய இயலவில்லை.

பின்னர் அவரோடு அமர்ந்து பேசியபோதுதான் ஓர் உண்மை புலனாயிற்று. அந்த எலி சொல்லாமல் வரவில்லை. இரவில் பரணில் ஓசை கேட்டிருக்கிறது. தறிமேடையோரம் கறுத்த மணிகள் கிடந்திருக்கின்றன. வீட்டார் அவற்றைப் பெருக்கித் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தனர். அவ்வடையாளங்களை அறிந்துகொள்ளும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் அடையாளம் புழுக்கை. ஓர் எலி நாளொன்றுக்கு 40, 50 புழுக்கைகள் இடும். சுண்டெலியின் புழுக்கை ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளம். வீட்டெலியினுடையது 12 மில்லிமீட்டர், இரு முனைகளும் கூரியவை. பெருச்சாளியினுடையது இன்னும் பெரிது. ஒரு முனையில் வெண்மை தெரிந்தால் அது பல்லியின் எச்சம். ஈரமாய்ப் பளபளப்பது புதியது. குச்சியால் அழுத்தப் பொடிந்து போவது பழையது. ஐயம் தீர, இன்று இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு நாளைக் காலையில் மீண்டும் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, தடம். எலி திறந்த வெளியில் செல்ல அஞ்சும். மீசையும் உடலும் சுவரை உராய, நாள்தோறும் ஒரே வழியில் ஓரமாகவே ஓடும். அதன் உடற்பிசுக்கினால் சுவரடியிலும் உத்திரத்திலும் கறுத்த கறை படியும். இரவில் சுவரோரம் சலித்த சாம்பலை மெல்லத் தூவி வைத்தால், காலையில் கால் சுவடும் வால் இழுத்த கோடும் தாமே சாட்சி சொல்லும்.

மூன்றாவது, கடித்த குறி. எலியின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்வன. ஆகவே உணவல்லாத பொருளையும் அது கடித்துக்கொண்டே இருக்கும். கதவின் அடிப்பலகை, சாக்கின் மூலை, மின்கம்பியின் உறை ஆகியவற்றைப் பாருங்கள். மரத்தில் புதிய கடி வெளிறியிருக்கும், நாட்பட்டது கறுத்திருக்கும். கஞ்சி தோய்த்த பாவு எலிக்கு உணவின் வாடை வீசும் பொருளாகும். பண்டிகைக்காகத் தறியை நிறுத்தும் நாட்களே அதற்கு வாய்ப்பான நாட்கள். ஓர் இரவில் அறுந்த இழைகளைப் பிணைக்கப் பல நாட்கள் ஆகலாம். அந்நாட்களுக்குக் கூலி இல்லை.

விவசாய அங்கத்தினர்கள் குதிரடியிலும் மூட்டையடியிலும் உமி சிதறியிருக்கிறதா என்று நோக்க வேண்டும். முளை இருக்கும் முனையை எலி கொறித்துவிட்டால், அந்த விதைநெல் எடையில் சிறிதே குறைந்திருப்பினும் நாற்றங்காலில் முளைக்காது. மூட்டைகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, பலகைமேல் அடுக்கினால் அடையாளங்கள் கண்ணுக்குத் தப்பா.

மூஞ்சூற்றை எலியென்று மயங்குவோர் பலர். நீண்டு கூரிய மூக்கும், கடுவாடையும், கீச்சுக்குரலும் உடைய அது பூச்சிகளைத் தின்று வாழ்வது, நூலை அறுப்பதன்று.

முதல் வாரம் என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. எலியின் சினைக்காலம் மூன்று வாரமே. ஓர் ஈற்றில் ஐந்து முதல் எட்டுக் குட்டிகள் பிறக்கலாம். அவையும் சில மாதங்களில் ஈனத் தொடங்கும். ஓர் எலியைப் பிடிக்க ஒரு பொறி போதும், குடும்பமாகிவிட்டால் போதாது. பொறியைத் தடத்தை ஒட்டிச் சுவரோரம் வையுங்கள். புதிய பொருளைக் கண்டு வீட்டெலி ஒதுங்குமாதலால், இரண்டு மூன்று இரவுகள் பொறியை ஏற்றாமல் இரை மட்டும் வைத்து, பின்னர் ஏற்றுங்கள். சுண்டுவிரல் நுழையும் துளை சுண்டெலிக்குப் போதும், அதனையும் அடையுங்கள். உணவும் உறக்கமும் ஒரே அறையில் நிகழும் வீட்டில் நஞ்சு வைப்பது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகும்.

புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காமல், பிளீச்சிங் தூள் கரைத்த நீரால் நனைத்து, கையுறையோடு துடைத்தெடுங்கள். எலியின் சிறுநீர் கலந்த நீர் கால் வெடிப்பில் பட்டால் எலிக்காய்ச்சல் வரக்கூடும். ஈரம் ஊறும் தறிக்குழியில் கால் வைப்போரும், சேற்றில் இறங்குவோரும் காய்ச்சல் கண்டவுடன் மருத்துவரிடம் சென்று, எலி நடமாட்டத்தையும் சொல்ல வேண்டும்.

இறுதியாக ஒன்று. அடையாளம் கண்ட அன்றே, தேதியிட்டு இரண்டு வரி எழுதிச் சங்கச் செயலாளரிடம் கொடுத்து வையுங்கள். நூல் குறைந்த பின் சொல்லும் காரணம் சாக்குப்போல் ஒலிக்கும். முன்னரே எழுதிய கடிதம் உங்கள் நேர்மைக்குச் சான்றாக நிற்கும். நாமும் அந்நாள் முதல், குறைவு கண்ட இடத்தில் பேனாவை எடுக்குமுன் அங்கத்தினரின் பரணில் ஏறிப் பார்க்கக் கற்றுக்கொண்டோம்.