பழம்பாடல்கள் அச்சேறிய வரலாறு

நூல் நிலையத்தில் பத்துப்பாட்டைக் கையில் எடுக்கும்போது, அது என்றும் அச்சுநூலாகவே இருந்தது போலத் தோன்றும். ஆனால், 1880-ஆம் ஆண்டில் பத்துப்பாட்டும் கலித்தொகையும் தொகுதிகளாக அச்சில் வரவில்லை. ஏட்டுச் சுவடிகளிலேயே கிடந்தன.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை 1887-இல் கலித்தொகையை வெளியிட்டார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889-இலும், புறநானூற்றை 1894-இலும், பரிபாடலை 1918-இலும் பதிப்பித்தார்.

இது எளிய செயலன்று. ஸ்காத்லாந்து நாட்டில் ஜேம்ஸ் ஜான்சன் 1787 முதல் 1803 வரை ஆறு தொகுதிகளாகப் பழம்பாடல்களை வெளியிட்டபோது, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பல பாடல்களை மக்கள் வாய்மொழியாகக் கேட்டுத் திரட்டித் தந்தார். பாடுபவரிடம் ஐயம் கேட்கலாம். ஏட்டிடம் கேட்க இயலுமோ? ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும். துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வேற்றுமை தெரியாது. ஆகவே பல பிரதிகளை ஒப்புநோக்கியே பாடத்தைத் துணிதல் வேண்டும். குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பெயர்களுள் சில, பிரதிகளில் விடுபட்டிருந்தன. அவை தருமபுர ஆதீனத்து ஏட்டில் கிடைத்தன. அந்த ஓர் ஏடு செல்லரித்திருந்தால் அம்மலர்கள் நமக்கு இல்லை!

நம் செங்கற்பட்டுக் கடற்கரைக்கும் இதில் பங்குண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, 500 அடிகளையுடையது. நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தையும், இரவில் கலங்களை அழைக்கும் உயர்ந்த விளக்கையும் கூறுகிறது. அவ்வூர் மாமல்லபுரமே என்பாரும், பாலாற்றுக் கழிமுகத்தை அடுத்த வசவசமுத்திரம் என்பாரும் உளர். ஏடு அழிந்திருந்தால் இவ்வாராய்ச்சிக்கே இடமில்லை.

உலகப் போரின் அச்சத்தால் சென்னையை விட்டு நீங்கிய ஐயர், நம் திருக்கழுக்குன்றத்தில் 1942 ஏப்ரல் 28-ஆம் நாள் மறைந்தார். மறு ஆண்டே ருக்மிணி தேவி அருண்டேல் அடையாற்றில் அவர் பெயரால் நூல் நிலையம் நிறுவினார். அவர் தொகுத்த சுவடிகள், இன்று பெசன்ட் நகரில் உள்ள அந்நிலையத்தில் காக்கப்படுகின்றன.

அச்சு வந்தபின் ஏடு எதற்கு என்று சிலர் வினவுவர். ஐயம் எழும்போது மீண்டும் பார்ப்பதற்கு ஏடு வேண்டும். தலைமையாசிரியனாக இருந்தபோது மாணவர்க்கு நான் வற்புறுத்தியதையே உங்களுக்கும் சொல்வேன்: பாட்டைப் படிக்குமுன் பதிப்பாசிரியரின் முகவுரையைப் படியுங்கள், அடிக்குறிப்பில் உள்ள பாடபேதங்களைத் தாண்டிச் செல்லாதீர்கள். ஒவ்வொன்றும் ஓர் ஏடு நமக்காக உரைத்த சான்று.