எதிரூர் ஆட்டத்திற்குப் புறப்படுமுன்

இரட்டைப்படை ஆண்டுகளின் நவம்பர் இறுதியில், ஓஹாயோ அணியோடு தம் அணி பொருதும் அமெரிக்க உதைபந்தாட்டத்தைக் காண, மிச்சிகன் பல்கலைக்கழக மாணாக்கர் மோட்டார் வண்டிகளிற் கொலம்பஸ் நகருக்குச் செல்வர். ஆன் ஆர்பரிலிருந்து தொலைவு ஏறக்குறைய 190 மைல். மூன்றரை மணி நேரந்தானே என்று விடியலிற் புறப்படுவது நமக்கு உவப்பன்று. அரங்கில் இலட்சம் பேருக்கு மேல் அமர்வர். கொலம்பஸில் அன்று அறை கிடைப்பதரிது. முதல்நாளே வந்து, வழியிலுள்ள ஃபின்ட்லேயில் தங்குவதே நன்று. நுழைவுச்சீட்டை அதற்கும் முன்னரே வாங்கிவிட வேண்டும்.

வானிலையை மறத்தலாகாது. 1950 நவம்பர் 25ஆந் திகதி பெரும் பனிப்புயலினூடே இவ்வாட்டம் நடந்தது. மிச்சிகன் 9-3 என வென்றது. வெற்றி கண்டவர்க்கும் வீடு திரும்புதல் எளிதாயிருக்கவில்லை. பாதைகளைப் பனி மூடிக் கிடந்தது. ஆதலின் ஞாயிறு முழுவதையும் திரும்பும் பயணத்திற்கென ஒதுக்குக. வண்டியிற் கம்பளிப் போர்வையோடு ஒரு மண்வாரியும் இருக்கட்டும்.