சாவியைக் கொடுத்தால் கணக்கு முடியாது

கடல் கடந்த குடித்தனம் – 17

எச்-1பி விசாவில் அமெரிக்காவில் வேலை பார்ப்பவருக்கு திடீரென வேலை போனால், வேறு வேலை தேடிக்கொள்ளவோ ஊர் திரும்பவோ அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு. 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதி இது. எந்த நாள் வரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவில் உள்ள தேதி அதற்கு முன்பே முடிந்தால் அவகாசமும் அன்றோடு சரி. அவர் வீட்டு வாசலில் நிற்கும் லீஸ் காருக்கோ பெரும்பாலும் 36 மாத ஒப்பந்தம். அந்த 60 நாளும் இந்த 36 மாதமும் முட்டிக்கொள்ளும்போது என்ன ஆகிறது?

2022 நவம்பரில் மெட்டா 11,000 பேருக்கு மேல் வேலையிலிருந்து அனுப்புவதாக அறிவித்தது. இரண்டே மாதத்தில் கூகுள் 12,000 பேர் என்றது. மைக்ரோசாஃப்ட் 10,000 பேர் என்றது. அவர்களில் விசாவில் இருந்தவர்களுக்கு வீடு, பள்ளிக்கூடம், மருத்துவக் காப்பீடு என எல்லாக் கவலையும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. அந்தப் பட்டியலில் காரை யாரும் முதலில் வைப்பதில்லை. ஆனால் விமானம் ஏறிய பிறகும் துரத்தி வரக்கூடிய கடன்களில் அதுவும் ஒன்று.

மாதத் தவணைக்குள் என்ன இருக்கிறது?

டெக்சாஸின் இர்விங்கில் ஓர் இளைஞர் 35,000 டாலர் காரை மூன்று வருட லீஸில் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் கழித்து அந்த கார் 21,000 டாலர் பெறும் என்று லீஸ் நிறுவனம் முன்கூட்டியே நிர்ணயிக்கிறது. இதுதான் மீத மதிப்பு. இடையில் குறையும் 14,000 டாலரை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 389 டாலர். வட்டி ஆண்டுக்கு 6 சதவீதம் என்றால் மேலும் 140. ஆக, வரி நீங்கலாக மாதம் 529 டாலர்.

புது கார் முதல் வருடத்திலேயே வேகமாக மதிப்பிழக்கும். தவணையோ மாதாமாதம் ஒரே அளவுதான். அதனால் ஒப்பந்தத்தின் முதல் பாதியில், காரின் சந்தை விலையைவிட பாக்கித் தொகை அதிகமாக இருப்பதே வழக்கம். நடுவில் வெளியேறுபவர் தலையில் விழுவது இந்த வித்தியாசம்.

நடுவில் திருப்பிக் கொடுத்தால்

நம் இளைஞருக்கு 18வது மாதத்தில் வேலை போகிறது. அவர் கணக்கில் பாக்கி சுமார் 28,300 டாலர். காரை நிறுவனம் எடுத்துப்போய் மொத்த ஏலத்தில் 25,000 டாலருக்கு விற்கிறது. மீதி 3,300 டாலரும், அதற்கு மேல் ஒப்பந்தத்தில் எழுதிய கட்டணங்களும் அவர் பொறுப்பு. சாவியை டீலர் மேஜையில் வைத்துவிட்டு வருவது காரைத்தான் ஒப்படைக்கிறது. கடன் அப்படியே நிற்கிறது. கட்டாமல் விட்டால் கிரெடிட் பதிவில் ஏறும். நாளை வேறு விசாவில் திரும்பி வந்து வாடகை வீடு தேடும்போது அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கும்.

1976ஆம் ஆண்டின் நுகர்வோர் லீஸ் சட்டம் இங்கே ஒரு பாதுகாப்பு தருகிறது. முன்கூட்டியே முடித்தால் பெரும் தொகை கட்ட நேரலாம், எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோமோ அவ்வளவு அதிகமாகும் என்ற எச்சரிக்கை ஒப்பந்தத்தில் இருந்தே ஆக வேண்டும். இன்னொரு உரிமையும் உண்டு. பாக்கியைக் கணக்கிட காரின் விலையைக் கழிக்கும் ஒப்பந்தமானால், இரு தரப்பும் ஏற்கும் தனி மதிப்பீட்டாளரை நம் செலவில் வைத்து விலை போடச் சொல்லலாம். அவர் சொல்லும் விலையே கணக்கில் சேரும். ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போகுமோ என்று அஞ்சுபவர்கள் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

இன்னொருவர் பேருக்கு மாற்றினால்

நல்ல நிலையில் உள்ள காருக்கு இதுவே பெரும்பாலும் குறைந்த செலவில் முடியும் வழி. மீதமுள்ள மாதங்களை வேறொருவர் ஏற்றுக்கொள்கிறார். ஸ்வாப்பலீஸ், லீஸ்டிரேடர் போன்ற தளங்கள் ஆள் தேடித் தருகின்றன. வருபவரின் கிரெடிட்டை லீஸ் நிறுவனம் பரிசோதிக்கும். மாற்றுக் கட்டணம் வாங்கும். ஆளை ஈர்க்க ஓரிரு மாதத் தவணையை நாமே கொடுக்க வேண்டியும் வரலாம்.

விசாரிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, நிறுவனம் மாற்றத்தை அனுமதிக்கிறதா? எல்லா நிறுவனமும் அனுமதிப்பதில்லை. இரண்டாவது, கடைசி சில மாதங்களில் மாற்ற முடியாது என்ற விதி உண்டா? மூன்றாவதுதான் முக்கியம்: மாற்றிய பிறகு நம் பொறுப்பு முழுதாக நீங்குகிறதா? சில ஒப்பந்தங்களில் புதியவர் தவணை கட்டத் தவறினால் பழையவரைக் கேட்பார்கள். சென்னைக்கோ திருச்சிக்கோ திரும்பி வந்து புது வேலையில் சேர்ந்தவருக்கு, முகம் தெரியாத ஒருவரின் தவணைக்கு ஜாமீன் நிற்கும் நிலை வரக் கூடாது. பொறுப்பு நீங்கியது என்ற கடிதம் கைக்கு வந்த பிறகே இன்சூரன்ஸை ரத்து செய்ய வேண்டும்.

வாங்கி விற்றால்

பாக்கியைக் கட்டி காரை நம் பெயருக்கு வாங்கி, வெளியே விற்பது மூன்றாவது வழி. சந்தை விலை ஏறியிருந்தால் லாபம்கூட வரும். சிப் தட்டுப்பாட்டால் புது கார் கிடைக்காமல் போன காலத்தில், 2022 ஜனவரி வரையான ஒரே வருடத்தில் அமெரிக்காவில் பழைய கார் விலை 40 சதவீதம் ஏறியது. முன்பே எழுதிய மீத மதிப்புக்கு அப்போது காரை வாங்கியவர்கள் நல்ல லாபம் பார்த்தார்கள். அதே காலத்தில் பல நிறுவனங்கள் வெளி டீலர்கள் நேரடியாக வந்து வாங்குவதைத் தடுத்தன. டெக்சாஸில் இன்னொன்றும் உண்டு: நாம் வாங்கும்போது 6.25 சதவீத விற்பனை வரி விழும். அதைச் சேர்த்த பிறகே லாபமா நஷ்டமா என்று பார்க்க வேண்டும்.

நீட்டிப்பு

லீஸ் முடியும் நேரத்தில் விசா நீட்டிப்பு இன்னும் வரவில்லை என்றால், புது மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது ஆபத்து. இருக்கும் லீஸையே சில மாதங்களுக்கு நீட்டித் தருமாறு கேட்கலாம். பல நிறுவனங்கள் மாதத்துக்கு மாதம் தருகின்றன. தவணை அதேதான். மைல் வரம்பு எவ்வளவு கூடுகிறது என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வருடம் 12,000 மைல் என்ற ஒப்பந்தத்தில் மொத்தம் 4,000 மைல் கூடுதலாக ஓடியிருந்தால், மைலுக்கு 25 சென்ட் வீதம் 1,000 டாலர் கடைசி நாளில் வந்து நிற்கும்.

சிப்பாய்க்கு உண்டு, ஊழியருக்கு இல்லை

அமெரிக்க ராணுவத்தினருக்கு ஒரு தனிச் சட்டம் இருக்கிறது. 180 நாளோ அதற்கு மேலோ களப்பணிக்கு உத்தரவு வந்தால், எழுத்தில் அறிவித்து, 15 நாளுக்குள் காரை ஒப்படைத்து லீஸை முடித்துக்கொள்ளலாம். முன்கூட்டியே முடித்ததற்கான கட்டணம் கிடையாது. அரசு ஆணையால் ஊர் மாறுகிறவர் அபராதம் கட்டக் கூடாது என்பதே அதன் நியாயம்.

வேலை இழந்த வெளிநாட்டு ஊழியரும் அரசு விதியால்தான் 60 நாளில் நாட்டைவிட்டுப் போகிறார். அவர் வரி கட்டியிருக்கிறார், தவணை தவறாமல் கட்டியிருக்கிறார். அவருக்கும் அந்த நியாயம் பொருந்த வேண்டும். சட்டம் அப்படி மாறும்வரை ஒப்பந்தத்தின் பக்கங்கள்தான் பாதுகாப்பு.

ஆகவே, அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் லீஸ் கார் எடுக்கப்போவதாகச் சொன்னால், மாதம் எவ்வளவு என்று கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். ஐ-94 தேதி எது, லீஸ் முடியும் தேதி எது, இன்னொருவருக்கு மாற்ற முடியுமா, மாற்றினால் பொறுப்பு நீங்குமா என்று கேளுங்கள். இந்த நான்குக்கும் தெளிவான பதில் இல்லையென்றால், பழைய கார் ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கிளம்ப வேண்டிய நாள் வந்தால் அதை யாருக்கும் விற்கலாம். அதற்கு எந்த நிறுவனத்திடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

அடுத்த வாரம்: ஊர் திரும்பும்போது 401கே ஓய்வுக்காலச் சேமிப்பை என்ன செய்வது?

(தொடரும்)